முழுத்துண்டு மாட்டுக்கறி ரோஸ்ட்: ஏர் ஃப்ரையரா, குக்கரா, விறகடுப்பா?

ஏர் ஃப்ரையர் வாங்கிய வீட்டில் முதலில் உருளைக்கிழங்கு, அப்புறம் கோழிக்கால், அதற்கும் அப்புறம் "இதில் பீஃப் பாட் ரோஸ்ட் வருமா?" என்ற கேள்வி. கோயம்புத்தூர் பக்கம் மாட்டுக்கறி சமைக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. வரும் என்பதுதான் பதில். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை அதை மட்டும் நம்பி வைக்கலாமா, குக்கரே போதுமா, தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், விறகடுப்பு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாது. கறி என்ன கறி, சாப்பிட எத்தனை பேர், கரண்ட் எப்படி, வாடகை வீடா சொந்த வீடா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பாட் ரோஸ்ட் நம் ஊருக்கு நேற்று வந்த பண்டம் இல்லை. 1860களிலேயே ரயில் வந்து சேர்ந்த, கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கின்றன. முழுத்துண்டு கறியில் உப்பு, முழு மிளகு, வரமிளகாய், இஞ்சி பூண்டு, கொஞ்சம் வினிகர் சேர்த்து கனமான பாத்திரத்தில் மூடி நிதானமாக வேகவைப்பார்கள். தண்ணீர் வற்றிக் கறியின் கொழுப்பு நெய்யாகப் பிரியும்போது அதே பாத்திரத்தில் கறியைப் புரட்டிப் புரட்டிச் சிவக்க விடுவார்கள். உருளைக்கிழங்கும் அந்த நெய்யிலேயே வறுபடும். மேலைநாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் முதலில் கறியைச் சிவக்க வறுத்துவிட்டு அப்புறம் வேகவைக்கச் சொல்கின்றன. போத்தனூர் முறையில் வேகவைப்பது முதலில், சிவக்க வைப்பது கடைசியில். ஏர் ஃப்ரையரை எங்கே நுழைப்பது என்ற கேள்விக்கு இந்த வரிசை முக்கியம்.

முதலில் கறியைப் பற்றிப் பேசிவிடுவோம். பாத்திரத்தை மாற்றிக்கொண்டே இருந்தாலும் கறி மாறாது.

தமிழ்நாட்டில் 1958ஆம் வருஷத்து விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, குணப்படுத்த முடியாத ஊனமோ நோயோ உள்ளது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். அதனால் நம் கடைக்கு வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாடு, இல்லையென்றால் எருமை. செவ்வாய், வியாழன்களில் கூடும் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து லாரி ஏறுகிற மாடுகள் பெரும்பாலும் பாலக்காட்டுப் பாதையில் கேரளாவுக்குப் போய்விடுகின்றன. எங்கே போனாலும் வயதான மாட்டின் தசை உறுதியானது, ஜவ்வு அதிகம். அமெரிக்கக்காரர் வீடியோவில் காட்டுகிற கறி ஒன்றரை இரண்டு வயதுக் கொழுத்த கன்றின் கறி. அவர் சொல்லும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் உக்கடத்துக் கடைக் கறியை உள்ளே வைத்தால் பல்லுக்குத்தான் வேலை.

எருமைக்கறியா மாட்டுக்கறியா என்பதைக் கொழுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். எருமைக் கொழுப்பு வெள்ளை, மாட்டுக் கொழுப்பு மஞ்சள் கலந்தது. எருமைக்கறி நிறத்தில் கறுத்து, கொழுப்பு குறைவாக இருக்கும். கொழுப்பு குறைந்த கறி காற்றில் சீக்கிரம் காயும். ஏர் ஃப்ரையர்காரர்கள் இதை மறக்கக்கூடாது.

கடையில் முழுத்துண்டு கேட்பதே ஒரு வேலை. குழம்புக்கும் சுக்காவுக்கும் வெட்டிப் பழகிய கை, நாம் வாய் திறப்பதற்குள் துண்டு போட ஆரம்பித்துவிடும். கரும்புக்கடைப் பக்கம் நான் வாங்குகிற இடத்தில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"ஏனுங்ணா, முழுசாவேவா? வெட்டிப் போட்டுறட்டுங்களா?"

"வேண்டாம் பாய், ஒரே துண்டா குடுங்க. ரோஸ்ட்டுக்குங்க."

"அப்பத் தொடைக்கறி வேண்டாங்ணா, சக்கையாப் போயிரும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல எடுத்துத் தர்றேன்."

அவர் சொன்னதில் பாதி சமையல் அடங்கியிருக்கிறது. கழுத்தும் தோள்பட்டையும் நாளெல்லாம் உழைத்த தசை, உள்ளே ஜவ்வு ஓடும். நெஞ்சுக்கறியில் ஜவ்வோடு கொழுப்பும் உண்டு. தொடைக்கறி பார்க்க அழகாக, கொழுப்பே இல்லாமல் இருக்கும். அதனால்தான் புதிதாகச் செய்பவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், வெந்ததும் நார் நாராக வறண்டு போகும். கத்தியை வைக்கும்முன் துண்டைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை நரம்புபோலக் குறுக்கே கோடு ஓடினால் அது நல்ல ரோஸ்ட் துண்டு.

இனி வெப்பத்தின் கணக்கு. கறி 60 டிகிரியைத் தாண்டும்போது தசை நார்கள் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. ஜவ்வு கரைய ஆரம்பிப்பது சுமார் 70 டிகிரிக்கு மேல்தான், அதுவும் நேரம் எடுத்து. நடுப்பகுதி 90ஐத் தாண்டி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால்தான் ஜவ்வு கரைந்து பசைபோல நார்களுக்கு நடுவே தங்கும். அப்போதுதான் கரண்டி பட்டதும் கறி பிரியும். இடைப்பட்ட நேரத்தில் கறி கல்லாக இருக்கும். "ஒரு மணி நேரம் வைத்தேன், இன்னும் கெட்டியாகிவிட்டது" என்று சொல்பவர்கள் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள். மேல்பாகம் சிவந்து வாசம் வருவதற்கு வேறு கணக்கு: அதற்கு 140 டிகிரிக்கு மேல் வேண்டும், மேற்பரப்பு காய்ந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் கிடக்கும் கறி எத்தனை மணி நேரம் ஆனாலும் சிவக்காது.

ஆக, இரண்டு வேலை. மெத்தென்று ஆக ஈர வெப்பம், சிவக்க உலர் வெப்பம். எந்தச் சாதனம் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும்.

ஏர் ஃப்ரையர் மட்டும்

2010இல் பிலிப்ஸ் இந்தப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த சாதனம் அடிப்படையில் ஒரு சின்ன மின் அவன் (oven) தான். மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதன்மேல் மின்விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. சூடான காற்று வேகமாகச் சுழன்று கறியின் மேலுள்ள ஈரத்தை வாரிக்கொண்டு போகிறது. சிவக்க வைப்பதில் இதை அடிக்க ஆள் இல்லை. மெத்தென்று ஆக்க வேண்டிய இடத்தில் அதே காற்றுதான் எதிரி. ஒரு கிலோ தோள்பட்டைக் கறியைத் திறந்தபடி கூடையில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் வெளியே செருப்புத் தோல், உள்ளே ரப்பர்.

அப்படியானால் ஏர் ஃப்ரையருக்குள்ளேயே ஈரத்தை அடைத்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, சுத்தமாகவும் வேலை செய்கிறது. முந்தின நாள் ராத்திரியே கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் உப்பு தடவி ஃபிரிட்ஜில் திறந்து வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேல்பாகம் காயும். சமைக்கும்முன் கறியைச் சாயம் போடாத வெள்ளைப் பருத்தி நூலால் நாலு இடத்தில் கட்டினால் உருவம் குலையாது. திருப்பூர் பக்கத்திலிருந்துகொண்டு நூலுக்கு என்ன பஞ்சம், ஆனால் பனியன் கம்பெனியில் மீந்த கலர் நூல் வேண்டாம். கடலெண்ணெய் தடவி 200 டிகிரியில் திருப்பித் திருப்பி 12 நிமிஷம் போலச் சிவக்க விடுங்கள். அப்புறம் கூடைக்குள் அடங்குகிற கேக் டின்னிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ கறியை மாற்றி, தட்டின சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, ஒரு டம்ளர் எலும்புச் சாறு சேர்த்து, வாயை ஃபாயிலால் இறுக்கி மூட வேண்டும். 160 டிகிரியில் இரண்டரை மணி நேரம். நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். எருமைக்கறி என்றால் மூன்று மணி நேரத்தைத் தாண்டலாம்.

ஃபாயில் விஷயத்தில் கவனம் வேண்டும். தளர்வாக விட்டால் விசிறிக் காற்றில் தூக்கிக்கொண்டு போய்க் கம்பிச்சுருளில் ஒட்டும். தக்காளி, புளி, வினிகர் சேர்த்த கறி நேராக அலுமினியத்தில் படக்கூடாது. வாட்டின வாழையிலையால் கறியைப் போர்த்தி அதற்கு மேலே ஃபாயில் மூடினால் இந்தத் தொல்லை இல்லை, கறிக்கு இலை வாசமும் கொஞ்சம் ஏறும். பாத்திரத்தின் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். பாத்திரத்தைச் சுற்றிக் காற்று போக வழி இல்லை என்றால் அது ஏர் ஃப்ரையர் இல்லை, வெறும் சூட்டுப் பெட்டி.

இவ்வளவும் சரியாகச் செய்தால் ரோஸ்ட் நன்றாகவே வரும். தொல்லை வேறு இடத்தில். நாலு லிட்டர் கூடையில் ஒரு கிலோ கறிதான் உச்சம், அதையும் டின்னுக்குள் திணிக்க வேண்டும். நாலு பேருக்கு மேல் என்றால் பத்தாது. பல மாடல்களில் டைமர் 60 நிமிஷத்தோடு நின்றுவிடும், மறுபடி மறுபடி முறுக்க ஆள் வேண்டும். அத்தனை நேரமும் விசிறிச் சத்தம். 1,500 வாட் சாதனத்துக்கு 6 ஆம்பியர் சுவிட்ச் ஆகாது, 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். இன்வெர்ட்டரில் ஓட்டும் யோசனையே வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் காலையில் ஆரம்பித்தால் பாதி வெந்த கறியோடு உட்கார வேண்டியதுதான். கரண்ட் செலவைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றும் இல்லை. சூடு ஏறியதும் கம்பி அணைந்து அணைந்து எரிவதால் இரண்டரை மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டை ஒட்டித்தான் வரும். இலவச யூனிட் கிடைக்கிற வீட்டில் மாதம் ஒரு ரோஸ்ட்டால் பில் எகிறிவிடாது.

ஆக, ஏர் ஃப்ரையரால் முடியாது என்பதில்லை. அதன் கெட்டிக்காரத்தனம் எதுவோ அதை ஃபாயிலால் மூடி வைத்துவிட்டு, வராத வேலையை மூன்று மணி நேரம் வாங்குகிறோம். அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

குக்கர் மட்டும்

பிரஷர் குக்கருக்குள் முழு அழுத்தத்தில் வெப்பம் சுமார் 120 டிகிரி. திறந்த பாத்திரத்தில் மூன்று மணி நேரம் எடுக்கிற ஜவ்வு இங்கே முக்கால் மணியில் கரைகிறது. வால்பாறைபோல ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் தண்ணீர் 96 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரம் இன்னும் இழுக்கும். எஸ்டேட் வீடுகளில் குக்கர் இல்லாமல் மாட்டுக்கறி நினைக்கவே முடியாது.

விசிலை எண்ணாதீர்கள். ஒரே கறிக்கு ஒருவர் ஆறு என்பார், இன்னொருவர் பதினைந்து என்பார். இருவர் அடுப்பும் வேறு, குக்கரும் வேறு. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு கிலோ முழுத்துண்டுக்கு 45 நிமிஷம், வயதான எருமை என்றால் ஒரு மணி நேரம். தண்ணீர் ஒரு டம்ளர் போதும், கறியே தண்ணீர் விடும். வெந்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்ற வேண்டாம். அழுத்தம் சட்டென்று இறங்கினால் கறிக்குள் இருக்கும் தண்ணீர் அங்கேயே கொதித்து வெளியேறும், நார் வறண்டுவிடும். தானாக அடங்கட்டும்.

சாறு அருமையாக வரும், கறி மெத்தென்று இருக்கும், கேஸ் செலவும் எல்லாவற்றையும்விடக் குறைவு. பார்க்கத்தான் ஒன்றும் இருக்காது. சாம்பல் நிறத்தில் வெந்த துண்டு, ரோஸ்ட் என்று தட்டில் வைக்க மனசு வராது. மூடியைத் திறந்து சாற்றை வற்றவிட்டு அதிலேயே புரட்டலாம், போத்தனூர் வழி அதுதான். ஆனால் மெத்தென்று வெந்த முழுத்துண்டைக் கரண்டியால் புரட்டும்போது அது பிட்டுக்கொண்டு உதிரும். கை நிதானம் உள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை, மற்றவர்களுக்கு ரோஸ்ட்டாக ஆரம்பித்தது உப்புக்கறியாக முடியும்.

பப்பாளிக்காய் தடவினால் குக்கரே வேண்டாம் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் தசையைக் கரைக்கும் என்பது உண்மை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 பப்பாளி ரகங்கள் பப்பைன் எடுக்கவே பேர் போனவை. ஆனால் அது தடவின இடத்தில்தான் வேலை செய்யும். சின்னத் துண்டுகளுக்குச் சரி. முழுத்துண்டில் வெளிப்புறம் கொழகொழவென்று ஆகிவிடும், நடுப்பகுதிக்கு அது தெரியவே தெரியாது. ரோஸ்ட்டுக்கு வேண்டாம்.

விறகடுப்பும் இரும்புச் சட்டியும்

ருசியை மட்டும் கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான். தோட்டத்துச் சாளையில், அடிகனமான இரும்புச் சட்டியில், சீமைக்கருவேல விறகு எரிந்து தணலான பிறகு கறியை ஏற்றி மூடிவிடுவது. காங்கயம், பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தேங்காய்த் தொட்டிக்குப் பஞ்சமே இல்லை. எரிந்து கனிந்த தொட்டிக்கரியில் நாலு கரண்டி அள்ளி மூடியின் மேலே பரப்பினால் கீழே இருந்து ஈர வெப்பம், மேலே இருந்து உலர் வெப்பம், இரண்டு வேலையும் ஒரே சட்டியில் நடக்கிறது. மூடியைக் கிளப்பும்போது சாம்பல் உள்ளே கொட்டாமல் ஒருபக்கமாகச் சாய்த்து எடுக்க வேண்டும், அதற்குப் பழகின கை வேண்டும். மேல்பாகம் கறுஞ்சிவப்பாக, ஓரத்தில் மட்டும் லேசாகக் கருகி, அடியில் சாறு தேன்பதத்தில் நிற்கும். தொட்டிப் புகையின் வாசம் எந்த மின்சாதனத்திலும் வராது.

மூன்று மூன்றரை மணி நேரம் அடுப்பின் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். பத்துப் பேர் கூடுகிற நாளுக்கு, இரண்டு மூன்று கிலோ கறிக்கு, இதுதான் சரி. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும், தணல் தள்ளவும் ஆள் இருக்கும். மூன்றாவது மாடி அபார்ட்மெண்டில் இதைப் படிப்பவர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம்.

அதே இரும்புச் சட்டியைக் கேஸ் அடுப்பில், சின்ன பர்னரில், சிம்மில் வைத்தும் செய்யலாம். கறி நன்றாகவே வேகும். அரைமணிக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் அடிப்பிடிக்கும், மேல்பக்கம் சிவப்பதும் அரைகுறைதான். ஓ.டி.ஜி. என்கிற மேசை மேல் வைக்கும் மின் அவன் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை: மூடி போட்ட பாத்திரம் உள்ளே போகும், இரண்டு கிலோ வரை தாங்கும், 160 டிகிரியில் மூன்று மணி நேரம், கடைசி அரைமணி மூடியை எடுத்துவிடுங்கள். ஏர் ஃப்ரையர் மட்டும் என்ற வழியைவிட இது மேல். சித்திரை வெயிலில் மட்டும் சமையலறையில் நிற்க முடியாது.

குக்கரில் வேகவைத்து ஏர் ஃப்ரையரில் சிவக்க வைப்பது

டவுன் வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். போத்தனூர் வரிசையிலேயே போகிறோம், கடைசிப் புரட்டலை மட்டும் விசிறிக்காற்றிடம் ஒப்படைக்கிறோம். புரட்டாமலே சிவப்பதால் கறி உதிராது.

உப்பு தடவி ராத்திரி வைத்த ஒரு கிலோ கழுத்துக்கறியை நூலால் கட்டிக்கொள்ளுங்கள். குக்கரில் இரண்டு கரண்டி கடலெண்ணெய் விட்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு ஸ்பூன் முழு மிளகு, விதை தட்டின வரமிளகாய் ஏழெட்டு, ஈரோட்டு மஞ்சள் கால் ஸ்பூன் போட்டு வதக்கி, கறியை வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடுங்கள். சிம்மில் 40 நிமிஷம். முழுதாக 45 வேண்டாம், ஏர் ஃப்ரையரிலும் கொஞ்சம் வேகப் போகிறது. அழுத்தம் தானாக அடங்கியதும் கறியைத் தட்டில் எடுத்துப் பத்து நிமிஷம் ஆற விட்டு, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றலை விட்டுவிட்டால் ஏர் ஃப்ரையரின் முதல் ஐந்து நிமிஷம் ஈரத்தைக் காயவைப்பதிலேயே போய்விடும்.

அதற்குள் குக்கரில் இருக்கும் சாற்றை அகலமான வாணலியில் கொதிக்க வைத்துப் பாதியாக வற்ற விடுங்கள். வெந்த பூண்டையும் வெங்காயத்தையும் கரண்டியாலேயே மசித்துவிட்டால் மாவு கரைத்துவிடும் வேலை இல்லாமல் சாறு தானாகக் கெட்டிப்படும். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துக் கறியின் மேலே பூசி, முன்னமே சூடாக்கிய ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 10 முதல் 12 நிமிஷம். நடுவில் இன்னொரு முறை பூச வேண்டும். இரண்டாவது பூச்சுக்கு அப்புறம்தான் அந்தப் பளபளப்பு வரும். ஏழாவது எட்டாவது நிமிஷத்தில் கூடையை இழுத்துப் பாருங்கள்: பூச்சு குமிழ்விட்டு, கட்டின நூலை ஒட்டி இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பு ஏற ஆரம்பித்திருக்கும். அங்கிருந்து இரண்டு மூன்று நிமிஷம்தான், கண் மேலேயே இருக்கட்டும்.

உருளைக்கிழங்கைக் குக்கரில் போடாதீர்கள், கரைந்துவிடும். பாதி வேகவைத்துக் கறியைச் சுற்றிக் கூடையிலேயே வையுங்கள். பள்ளிபாளையம் ருசி வேண்டும் என்றால் தேங்காய்ப் பத்தைகளைக் கடைசி ஆறு நிமிஷத்துக்கு மட்டும் உள்ளே போடலாம், ஓரம் பொன்னிறமாகி மொறுமொறு என்று வரும். கறிவேப்பிலையை மட்டும் கூடையில் போட வேண்டாம். விசிறிக் காற்றில் பறந்துபோய்க் கம்பியில் சிக்கிக் கருகி, வீடெல்லாம் அந்த வாசம்தான் அடிக்கும். அதைத் தனியாக எண்ணெயில் பொரித்து மேலே தூவிக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கறி என்றால் கொழுப்பு சொட்டிப் புகையும், கூடைக்கு அடியில் ஒரு துண்டு ரொட்டி போட்டால் அது கொழுப்பைக் குடித்துக்கொள்ளும். தெருவுக்கு நாலு பேக்கரி இருக்கிற கோயம்புத்தூரில் பழைய ரொட்டி எப்படியும் வீட்டில் கிடக்கும்.

மொத்தம் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், அதில் நாம் நிற்க வேண்டியது இருபது நிமிஷம். ஏர் ஃப்ரையருக்கு அரை யூனிட்கூட ஆகாது. கரண்ட் போனாலும் கறி வெந்துதான் இருக்கும், வாணலியில் சாற்றோடு புரட்டிச் சமாளிக்கலாம்.

இதற்கும் குறை உண்டு. குக்கர் வேகத்தில் வெந்த கறி, நிதானமாக மூன்று மணி நேரம் வெந்த கறி அளவுக்குச் சாற்றைத் தனக்குள் பிடித்து வைக்காது. வாயில் வைத்தால் அந்த வித்தியாசம் தெரியும். வெட்டின துண்டுகளின் மேலே சாற்றைத் தாராளமாக ஊற்றினால் தெரிவது குறையும், அவ்வளவுதான். நேரமும் பொறுமையும் இருக்கிற, இரண்டு மூன்று பேர் மட்டும் சாப்பிடுகிற வீட்டுக்கு டின்னுக்குள் மூடி வைக்கும் ஏர் ஃப்ரையர் வழியே ஒரு படி மேல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். இளங்கன்றின் கறி எங்காவது கிடைத்தால் அந்த வழியைத்தான் நானும் எடுப்பேன்.

வாசனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் ஏர் ஃப்ரையரைப் பற்றி முதலில் கேட்பதே அதைத்தான். இந்தப் பக்கம் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் குடியிருப்பவர் கறி சமைப்பதற்கே கணக்குக் கேட்கிறார்கள், அதிலும் மாட்டுக்கறி என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு இதில் எரிச்சல் உண்டு, அதை இங்கே நீட்டவில்லை. "ஏர் ஃப்ரையர் மூடின பெட்டி, வாசம் வெளியே வராது" என்று கடையில் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். பின்பக்கத் துவாரம் வழியாகச் சூடான காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். மூன்று மணி நேரம் ஓடினால் மூன்று மணி நேரமும் வாசம். குக்கர் சிம்மில் இருக்கும்போது அவ்வப்போது ஒரு விசில், கடைசியில் பத்து நிமிஷம் ஏர் ஃப்ரையர் என்றால் மொத்தத்தில் குறைவுதான். சாதனத்தின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுங்கள்.

எந்த வழியில் செய்தாலும் வெந்ததும் வெட்டக்கூடாது. கால் மணி நேரம் மூடி வைத்து, நூலை அவிழ்த்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே விரல் கனத்துக்கு வெட்டுங்கள். நீளவாக்கில் வெட்டினால் எவ்வளவு வெந்த கறியும் பல்லில் மாட்டும். தொட்டுக்கொள்ள போத்தனூர்ப் பழக்கம் ரொட்டி. என்னைக் கேட்டால் சந்தகை, இடியாப்பம்போலப் பிழிகிற நம் பக்கத்துப் பலகாரம். அந்த மிளகுச் சாற்றை இழுத்துக்கொள்ள அதற்கு நிகர் இல்லை, ராகிக்களியும் சளைத்ததில்லை.

மிச்சம் ஆனால் ஃபிரிட்ஜில் முழுத்துண்டாகவே வையுங்கள். மறுநாள் குளிர்ந்த கறியை மெல்லிசாக வெட்டுவது சுலபம். அந்தத் துண்டுகளை ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் நாலு நிமிஷம் விட்டால் ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று இருக்கும். இங்கே குக்கரும் விறகடுப்பும் கிட்டவே வர முடியாது. கொஞ்சம் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துப் பன்னுக்குள் வைத்துச் சாப்பிடலாம்.